பழைய அலுவலகக் கணினியில் கிராபிக்ஸ் கார்டு பொருத்துதல்: உப்புக் காற்று வீசும் ஊர்களுக்கான குறிப்புகள்

அலுவலகங்களில் சில ஆண்டுகள் உழைத்த பின் மொத்தமாகக் கழிக்கப்படும் டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவா திங்க்சென்டர் போன்ற சிறிய கணினிகள், சென்னை ரிச்சி தெரு வழியாகவும் இணையக் கடைகள் வழியாகவும் தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, ராமேசுவரம் வரை வந்து சேர்கின்றன. உறுதியான பெட்டி, நல்ல மதர்போர்டு, குறைந்த மின்செலவு என்று அவற்றுக்குச் சிறப்புகள் பல உண்டு. ஆனால் அவை கணக்கு எழுதவும் கடிதம் அடிக்கவும் செய்யப்பட்டவை. அவற்றில், திரைக்குப் படம் தரும் வேலையைத் தனியாகச் செய்யும் கிராபிக்ஸ் கார்டு பொருத்த விரும்புகிறவர், கார்டைத் தேர்ந்தெடுப்பது தாமல்ல, பெட்டிதான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். மின்சாரம், இடம், கார்டைச் செருகும் ஸ்லாட் ஆகிய மூன்றையும் அளந்து பார்த்த பிறகு மிஞ்சுவது ஐந்தாறு கார்டுகள்தாம். நம் கரையில் நான்காவதாக உப்பும் வந்து சேர்ந்துகொள்கிறது.

கார்டு உண்மையிலேயே தேவையா

என்னிடம் கார்டு கேட்டு வருகிறவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அது தேவைப்படுவதில்லை. இரண்டாவது திரை வேண்டும் என்பதற்காக மட்டும் கேட்பவர், தம் கணினியின் பின்புறத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். பெரும்பாலான மாடல்களில் மதர்போர்டிலேயே இரண்டு அல்லது மூன்று திரைகளுக்கு இணைப்பு உண்டு. வீடியோ பார்ப்பதற்கும் அது போதும். 7ஆம் தலைமுறை இன்டெல் செயலியில் உள்ள எச்டி 630 கிராபிக்ஸ், இன்றைய யூடியூப் வீடியோக்களையும் கைப்பேசியில் எடுத்த எச்இவிசி (புதிய சுருக்க முறை) வீடியோக்களையும் தடங்கலின்றி ஓட்டும். கணினி மந்தமாக இருக்கிறது என்பதே குறையானால், பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போடுவதும், ஒற்றை ராம் இருக்கும் இடத்தில் அதே அளவில் இன்னொன்றைச் சேர்ப்பதும் கார்டைவிட அதிகப் பலன் தரும். உள் கிராபிக்ஸ் ராமைத்தான் தன் நினைவகமாகப் பயன்படுத்துகிறது என்பதால், இரண்டாவது ராம் அதன் வேகத்தையும் கூட்டிவிடும்.

திருமண வீடியோ தொகுக்கும் ஸ்டுடியோக்காரர், முப்பரிமாண வரைபடம் பயிலும் பொறியியல் மாணவர், ஓரளவு கேம் விளையாட விரும்பும் பிள்ளைகள் ஆகியோருக்குத்தான் கார்டு தேவைப்படும். இனி வருவது அவர்களுக்காக.

பெட்டியைத் திறந்து முதலில் பார்க்க வேண்டியது

காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி, உலோக அரிப்பை ஆராய்வதற்கென்றே மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. அதைச் சொன்னாலே இந்தக் கரையின் காற்று எப்படிப்பட்டது என்பது விளங்கிவிடும். காற்றில் வரும் உப்புத் தூசி கணினிக்குள் படிகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது உப்பு அந்த ஈரத்தை இழுத்துத் தானே கரைந்து, மின்சாரம் கடத்தும் மெல்லிய நீர்ப்படலமாக மாறிவிடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் உட்புறம் சூடாக இருப்பதால் இது அவ்வளவாக நிகழ்வதில்லை. மாதக்கணக்கில் அணைத்து வைக்கப்பட்ட கணினிதான் வேகமாகக் கெடுகிறது. ஆகவே உள்ளூரில் பழைய கணினி வாங்குபவர், அது எத்தனை ஆண்டு ஓடியது என்று கேட்பதோடு, எத்தனை மாதம் ஓடாமல் கிடந்தது என்றும் கேட்க வேண்டும்.

மூடியைக் கழற்றியதும், கணினிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியின் வலைப்பகுதி, பின்புறத் தகடுகள், திருகுகள் ஆகியவற்றைப் பாருங்கள். அங்கே லேசான துரு இருந்தால் பரவாயில்லை. மதர்போர்டின் மேல் பச்சை அல்லது நீலம் கலந்த களிம்பு தெரிந்தாலோ, நீண்ட ஸ்லாட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்க்கும்போது கம்பிகள் மங்கிக் கறுத்திருந்தாலோ, அந்தக் கணினிக்குக் கார்டு வாங்கும் பணத்தை வேறு நல்ல கணினிக்கு வைத்துக்கொள்வதே மேல். ஸ்லாட்டில் களிம்பு ஏறிய பெட்டிகள் கார்டு பொருத்திய சில மாதங்களில் திரை அணைந்து அணைந்து எரியத் தொடங்கியதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மின்சாரக் கணக்கு

எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருக்கும் தாளில் மொத்த வாட் எழுதப்பட்டிருக்கும். ஆப்டிபிளெக்ஸ் 7010 சிறிய பெட்டியில் அது 240 வாட், 7050 மாடலில் 180 வாட், 7060 மாடலில் 200 வாட். புதிய மாடலில் எண் குறைந்திருப்பதைக் கண்டு திகைக்க வேண்டாம். செயலிகள் குறைவாக உண்ணத் தொடங்கியதும் நிறுவனங்கள் எஸ்எம்பிஎஸ்ஸையும் சுருக்கிவிட்டன. இவற்றைக் கழற்றிவிட்டுக் கடையில் கிடைக்கும் சாதாரண ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் போட முடியாது. அளவும் வேறு, மதர்போர்டுக்குச் செல்லும் இணைப்பும் அந்தந்த நிறுவனத்தின் தனி வடிவம். கார்டுக்கென 6 முனை மின்கம்பியும் இவற்றில் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆகவே, ஸ்லாட் வழியாக வரும் மின்சாரத்திலேயே ஓடும் கார்டைத்தான் தேட வேண்டும்.

ஸ்லாட் வழியாக ஒரு கார்டு அதிக அளவாக 75 வாட் எடுக்கலாம் என்பது பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற ஸ்லாட் தரத்தின் விதி. ஆனால் பழைய மாடல்கள் சிலவற்றின் கையேட்டில் 35 வாட் அல்லது அதற்கும் குறைவான எல்லை குறிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் மாடலின் கையேட்டை நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கி, அந்த ஒரு வரியைத் தேடிப் படித்த பிறகே பணத்தை எடுங்கள். 180 வாட் பெட்டியில் செயலிக்கு 65 வாட், மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, பேன் எல்லாவற்றுக்கும் சேர்த்து 35 முதல் 40 வாட் என்று கழித்தால் 75 வாட் மிஞ்சுவதாகத் தோன்றும். தாளில் வரும் இந்தக் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். செயலி சில நொடிகளுக்கு 65 வாட்டைத் தாண்டிப் போகும். எஸ்எம்பிஎஸ்ஸும் ஆண்டுகள் ஓடித் தளர்ந்தது. 180 அல்லது 200 வாட் பெட்டியில் 50 வாட்டுக்குள் உள்ள கார்டோடு நிறுத்திக்கொள்வது என் வழக்கம். 240 வாட் பெட்டியில், கையேடு அனுமதித்தால், 75 வாட் கார்டைத் துணிந்து போடலாம்.

இடமும் ஸ்லாட்டும்

சிறிய பெட்டிக்கு லோ ப்ரொஃபைல் கார்டு வேண்டும். அதன் உலோகத் தகடு, அதாவது பிராக்கெட், ஏறத்தாழ 79 மில்லிமீட்டர் உயரமே இருக்கும். சாதாரணக் கார்டின் தகடு 120 மில்லிமீட்டர். கார்டின் பலகை குட்டையாக இருந்தும் அதில் பெரிய பிராக்கெட் பூட்டப்பட்டிருந்தால் பெட்டிக்குள் இறங்காது. நான் முதன்முதலில் இணையத்தில் வாங்கிய பழைய கார்டு அப்படித்தான் வந்தது. விற்றவரிடம் கேட்டால், கார்டைத்தானே விற்றேன், தகட்டை விற்கவில்லையே என்றார். தகடு மட்டும் தனியாகத் தேடி வாங்குவதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது. அன்றுமுதல், சின்ன பிராக்கெட்டும் கூட வருகிறதா என்பதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்க்காமல் நான் பணம் செலுத்துவதில்லை.

பெட்டிக்குள் ஸ்லாட் இருக்கும் இடத்தையும் அளக்க வேண்டும். சில மாடல்களில், தரவு செல்ல 16 தடம் உள்ள எக்ஸ்16 ஸ்லாட் எஸ்எம்பிஎஸ் பெட்டியை ஒட்டியே இருக்கும். அதில் இரண்டு ஸ்லாட் தடிமன் உள்ள கார்டு முட்டிக்கொள்ளும். பக்கத்தில் இருக்கும் இன்னொரு நீளமான ஸ்லாட்டில் அதைச் செருகலாமே என்று தோன்றும். நீளம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே 4 தடம் மட்டுமே இணைக்கப்பட்டிருக்கக்கூடும். அங்கே சில கார்டுகள் வேகம் குறைந்து ஓடும். ஸ்லாட்டின் முனையிலிருந்து முன்பக்க டிஸ்க் கூடு வரை ஸ்கேல் வைத்து அளந்து, கார்டின் நீளத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். டவர் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லைகளில் பாதி இல்லை.

எந்தக் கார்டு

என்விடியா ஜிடி 1030 பலரும் கேட்கும் கார்டு. 30 வாட்டில் ஓடும், எந்தப் பெட்டிக்கும் பொருந்தும். ஆனால் அந்த ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் விற்கப்பட்டன. 2017இல் வந்தது ஜிடிடிஆர்5 நினைவகம் கொண்டது. 2018இல் வந்த டிடிஆர்4 வகையில் நினைவகத்தின் வேகம் நொடிக்கு 48 ஜிகாபைட்டிலிருந்து 17 ஜிகாபைட்டுக்கும் கீழே விழுந்துவிட்டது. விலையில் சிறு வித்தியாசம்தான் இருக்கும், வேகத்திலோ பாதிக்குப் பாதி வித்தியாசம். மேலும் ஜிடி 1030இல் வீடியோவை ஏற்றுமதி செய்யும்போது வேலையை எளிதாக்கும் என்கோடர் சுற்றே இல்லை. கீழக்கரையில் ஸ்டுடியோ நடத்தும் காக்கா (அங்கே அண்ணனை அழைக்கும் சொல்) ஒருவர் வீடியோ வேலைக்கென்றே இதை வாங்கி வைத்துக்கொண்டு, தொகுப்பு மென்பொருளின் ஏற்றுமதிப் பட்டியலில் கார்டின் பெயர் ஏன் வரவில்லை என்று என்னைக் கேட்டார். கார்டில் பழுது ஏதும் இல்லை. அதில் அந்தச் சுற்று இல்லாததுதான் காரணம். 2022இல் வந்த ஏஎம்டி ரேடியான் ஆர்எக்ஸ் 6400 கார்டும் இந்த வகையில் அதே குறை உடையது. 53 வாட்டில் கேமுக்கு நல்ல கார்டுதான் என்றாலும், 4 தடம் மட்டுமே பயன்படுத்துவதால் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 உள்ள பழைய மதர்போர்டுகளில் அதன் முழு வேகம் கிடைக்காது.

வீடியோ தொகுப்புக்கு என் பரிந்துரை, பணிநிலையக் கணினிகளுக்கென்று வந்த சிறிய கார்டுகள்தாம். என்விடியா டி400 (T400) 30 வாட், டி600 (T600) 40 வாட், டி1000 (T1000) 50 வாட். மூன்றும் ஒற்றை ஸ்லாட் தடிமன், லோ ப்ரொஃபைல், என்கோடர் உள்ளவை. முந்திய தலைமுறையின் குவாட்ரோ பி620 கார்டு 40 வாட்டில் ஓடுவது. பழைய சந்தையில் எளிதாகக் கிடைக்கிறது. ஆனால் அது பாஸ்கல் தலைமுறையைச் சேர்ந்தது. பாஸ்கல் கார்டுகளை விண்டோஸ் இயக்கத் தேவையான டிரைவர் மென்பொருளின் வழக்கமான வெளியீட்டை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். ஜிடி 1030, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ ஆகியவையும் அதே தலைமுறைதான். டி வரிசைக் கார்டுகளும் ஜிடிஎக்ஸ் 1650 கார்டும் அடுத்த தலைமுறை. ஜிடி 710, ஜிடி 730 ஆகியவற்றை இலவசமாகக் கொடுத்தாலும் யோசித்தே வாங்குங்கள். உங்கள் செயலியின் உள் கிராபிக்ஸ் பல வேலைகளில் அவற்றை முந்திவிடும்.

கேம்தான் முதல் நோக்கம், பெட்டியும் 240 வாட் என்றால், லோ ப்ரொஃபைல் வடிவில் வந்த ஜிடிஎக்ஸ் 1650 பொருத்தமானது. அது 75 வாட் எடுப்பது, பெரும்பாலும் இரண்டு ஸ்லாட் தடிமன் உள்ளது என்பதால் முன்பு சொன்ன அளவுகளை மீண்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி நிறுவ 8ஆம் தலைமுறை இன்டெல் செயலியாவது வேண்டும். 8ஆம் தலைமுறைக்கு முற்பட்ட பெட்டியில் விலை உயர்ந்த கார்டைப் போடுவதற்கு முன் இதையும் எண்ணிப் பாருங்கள்.

இணைப்புக் கம்பிகள்

நம் பகுதியில் விஜிஏ என்ற பழைய வகை இணைப்பு மட்டுமே உள்ள மானிட்டர்கள் இன்னும் நிறைய. மேலே சொன்னவற்றில் ஜிடி 710, ஜிடி 730 தவிர வேறு கார்டுகள் எதிலும் விஜிஏ இல்லை. பணிநிலையக் கார்டுகளில் மினி டிஸ்ப்ளே போர்ட் மட்டுமே இருக்கும். அதிலிருந்து விஜிஏவுக்கு மாற்ற, உள்ளே மின்சுற்று உள்ள கன்வெர்ட்டர் வேண்டும். வெறும் கம்பி மட்டும் உள்ள மலிவான சாதனம் வேலை செய்யாது. கார்டு வந்த பிறகு கன்வெர்ட்டருக்காக ராமநாதபுரத்துக்கோ மதுரைக்கோ அலைவதைவிட, கார்டோடு சேர்த்தே வாங்கிவிடுவது நல்லது.

பொருத்தும் முறை

முதலில், பழைய நிலையில் இருக்கும்போதே கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். பழைய பயாஸ் உள்ள பெட்டிகள் சில, புதிய கார்டை அடையாளம் காணாமல் கறுத்த திரையோடு நின்றுவிடும். பயாஸ் புதுப்பிக்கும்போது மின்சாரம் போனால் மதர்போர்டே செத்துவிடக்கூடும் என்பதால், யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

பிறகு கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து எஞ்சிய மின்சாரத்தை வெளியேற்றுங்கள். மூடியைத் திறந்து, பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டு உடலில் உள்ள நிலைமின்னைப் போக்கிக்கொள்ளுங்கள். பிரஷ்ஷும் புளோயரும் கொண்டு தூசியை நீக்குங்கள். பேனைச் சுழலவிடாமல் விரலால் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும்.

கார்டு பழையதானால் அதன் பொன்னிற முனைகளைச் சுத்தம் செய்ய வேண்டும். அழிரப்பரால் தேய்ப்பது நம் சர்வீஸ்காரர்களின் பழைய பழக்கம். பொன்பூச்சு மிக மெல்லியது என்பதால் நான் அதைத் தவிர்க்கிறேன். பூச்சு தேய்ந்த இடத்தில்தான் அடியில் இருக்கும் செம்பு உப்புக் காற்றுக்கு இரையாகிக் களிம்பு ஏறுகிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: எல்லாரும் பயன்படுத்தும் ஐசோபுரொபைல் ஆல்கஹால் எண்ணெய்ப் பிசுக்கை நீக்குமே தவிர, உப்பைக் கரைப்பதில்லை. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில் பஞ்சு இல்லாத துணியை லேசாக நனைத்து முனைகளை முதலில் துடையுங்கள். அதன் பிறகு ஆல்கஹாலால் துடைத்து, அரை மணி நேரம் உலர விடுங்கள். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது.

ஸ்லாட்டுக்கு நேரே பெட்டியின் பின்புறத்தில் உள்ள வெற்றுத் தகட்டை எடுத்துவிடுங்கள்; துரு பிடித்து இறுகியிருந்தால் நெளித்து நெளித்துப் பிடுங்காமல், திருப்புளியால் மெல்ல நெம்பி எடுக்க வேண்டும். உதிர்ந்த துருத் துகள் மதர்போர்டில் விழுந்திருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள். கார்டை இரு ஓரங்களிலும் பிடித்து, பிராக்கெட்டின் அடிநுனி பெட்டியின் இடுக்கில் இறங்குகிறதா என்று பார்த்தபடி, ஸ்லாட்டில் நேராக வைத்து இரு முனைகளிலும் சமமாக அழுத்துங்கள். ஸ்லாட்டின் கோடியில் உள்ள கொக்கி சிறு ஓசையோடு மாட்டிக்கொள்ளும். ஓசை கேட்டதை மட்டும் நம்பாமல், பொன்னிற முனைகள் முழுவதும் உள்ளே மறைந்துவிட்டனவா என்று கண்ணால் பார்த்து, பிறகு தகட்டைப் பூட்டுங்கள்.

மானிட்டர் கம்பியை மதர்போர்டிலிருந்து கழற்றிக் கார்டில் மாட்ட வேண்டும். கார்டு வேலை செய்யவில்லை என்று வரும் அழைப்புகளில் பல இந்த ஒரு மறதியால்தான்.

திரையும் டிரைவரும்

முதல்முறை இயக்கும்போது, மூடி திறக்கப்பட்டதாக ஓர் எச்சரிக்கை வரலாம். அதை ஏற்றுக்கொண்டு மேலே செல்லுங்கள். திரை கறுத்தே இருந்தால், கார்டைக் கழற்றிவிட்டு உள் கிராபிக்ஸ் வழியாகப் பயாஸுக்குள் நுழைய வேண்டும். டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10, லெனோவாவில் எஃப்1. முதன்மைத் திரை என்ற அமைப்பைத் தானியங்கி நிலையில் வையுங்கள். யுஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) மென்பொருள் இல்லாத மிகப் பழைய கார்டானால், பயாஸில் உள்ள செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்பு இயக்கத்தில் இருக்கும்வரை படம் வராது.

வீடியோ தொகுப்பவர்கள், உள் கிராபிக்ஸும் கூடவே இயங்கும்படி விட்டுவைக்க வேண்டும். டெல் பயாஸில் இதற்கு மல்டி டிஸ்ப்ளே என்ற தெரிவு உண்டு. அப்போது கார்டு வண்ணம் திருத்தும் வேலையைச் செய்ய, உள் கிராபிக்ஸில் உள்ள குயிக் சிங்க் என்ற இன்டெல்லின் என்கோடர் ஏற்றுமதியைப் பார்த்துக்கொள்ளும். ஜிடி 1030 வாங்கிய அந்தக் காக்காவுக்குக் கடைசியில் இப்படித்தான் வழி கிடைத்தது.

டிரைவரை என்விடியா அல்லது ஏஎம்டி தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். நிறுவிய பிறகு ஜிபியு-இசட் என்ற சிறிய இலவச மென்பொருளை ஓடவிடுங்கள். பழைய கார்டின் பயாஸை மாற்றி எழுதி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்ற பெயரில் விற்கும் மோசடி சந்தையில் உண்டு. அத்தகைய போலிகள் பலவற்றை இது கண்டுபிடித்துச் சொல்லிவிடும். நினைவகம் ஜிடிடிஆர்5தானா, கார்டு எத்தனை தடத்தில் ஓடுகிறது என்பவையும் தெரியும். கார்டு சும்மா இருக்கும்போது இணைப்பின் வேகம் தானாகக் குறைந்து காட்டும். சுமை கொடுத்துப் பார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இந்தச் சோதனையை முடித்துவிட வேண்டும்.

பிறகு அரை மணி நேரம் கனமான வேலை ஒன்றைக் கொடுத்து வெப்பத்தைக் கவனியுங்கள். சிறிய பெட்டியில் 75 முதல் 80 டிகிரி வரை போவது இயல்பே. வெப்பம் அதற்கு மேலும் ஏறிக்கொண்டே போனால் வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட்சிங்க்கில் தூசி அடைத்திருக்கும், அல்லது அதன் அடியில் உள்ள வெப்பம் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கும். வேலையின் நடுவே கணினி தானாக அணைந்து மீண்டும் எழுந்தால் எஸ்எம்பிஎஸ் தாங்கவில்லை என்று பொருள். கார்டை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

கரையோர வீட்டில் வைத்திருக்கும்போது

வெப்பம் குறையட்டும் என்று பக்கத்து ஸ்லாட்டின் தகட்டையும் கழற்றிவிடும்படி சிலர் சொல்வார்கள். மதுரையில் அது சரியாக இருக்கலாம். பாம்பனில் அந்த ஓட்டை உப்பை உள்ளே அழைக்கும் வாசல். தகட்டை மூடியே வையுங்கள். கார்டில் பயன்படுத்தாத துளைகளுக்கு ரப்பர் மூடி கிடைக்கிறது, போட்டுவிடுங்கள். கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் தெற்குப் பார்த்த சன்னலையும், வாடையில் வடகடல் பக்கச் சன்னலையும் விட்டுத் தள்ளி, தரையில் வைக்காமல் மேசைமேல் வையுங்கள். பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறது என்றால் எர்த் சரியில்லை. எலக்ட்ரீஷியனை அழைத்து அதைச் சரிசெய்யும்வரை கணினியை ஓட்ட வேண்டாம்.

வெளியூர் போவதானால், வீட்டில் இருப்பவரிடம் வாரம் இருமுறை ஒரு மணி நேரமாவது கணினியை ஓடவிடச் சொல்லுங்கள். அதற்கும் ஆள் இல்லையென்றால், கார்டைக் கழற்றி, அது வந்த நிலைமின் தடுப்பு உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு சேர்த்து வைத்து, காற்று புகாத எவர்சில்வர் டப்பாவில் மூடிவிட்டுப் போகலாம்.